எதற்காக ஓடுகின்றான்?

நேயர்களே! வீட்டு வாடகையைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அது அடுத்த திங்களுக்கு நிற்கட்டும். வாடகை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஓடுகின்ற ஒருவனைப் பற்றி இம்முறை எழுத வேண்டியிருக்கின்றது.

ஒரு ஞாயிறு மாலை சாமராஜநகரிலிருந்து என் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீ உடனே வந்து அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை" என்றார். அவருடைய மகனுக்கு வயது 41. மனைவியும் இரு மக்களும் உடையவன்; பொறுப்பான உத்தியோகம். குடி, சீட்டு, கடன் ஒன்றும் கிடையாது. அவன் செய்யும் ஒரே குற்றம் ஓட்டம். அதுவும் மைதானத்தில் நான்கு சுற்று ஓடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பும் ஓட்டமன்று. மலைப்பாதையிலும் ஒற்றையடித் தடத்திலும் பகலிரவாக ஓடும் நெடுந்தொலை ஓட்டம். 'ட்ரெயில் ஓட்டம்' என்கின்றார்கள்.

மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களினூடே 100 கிலோமீட்டர் ஓடச் சென்றவன், 80 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓர் இடைநிலையத்தைக் காலக்கெடு கடந்து 11 நிமிடம் பிந்தி அடைந்தானாம். மார்பில் குத்தியிருந்த எண் அட்டையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பிப் பத்து நாளாகியும் பேச்சில்லை. கால் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன. "இதற்குப் பணமும் கட்டிவிட்டல்லவா போகிறான்!" என்று தமக்கையார் அழுதார்.

அந்த அழுகைக்குக் காரணம் நகமன்று, பணமுமன்று. என் அத்தான் தமது 43ஆம் வயதில், ஒரு விடியற்காலை பல் துலக்கிக்கொண்டிருக்கையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை. மகன் அப்பொழுது பள்ளிச் சிறுவன். அந்த வயதை அவன் நெருங்குகின்றான் என்பதைத் தமக்கையார் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுவாரமே மைசூரிலிருந்து புறப்பட்டேன்.

சாமராஜநகரை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாளில் அரிகுட்டாரம் என்று வழங்கிய ஊர் அது. தம் தந்தையார் பிறந்த ஊராதலின், மும்முடி கிருஷ்ணராஜ உடையார் 1818ஆம் ஆண்டு அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழகத்தின் எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரந்தான் என்று சொல்லலாம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, ஆசனூர் வழியாக வந்தால் மைசூர்ச் சீமையின் வாசற்படி அதுவே. நம்மவர் பலர் அவ்வழியே வந்தவர்கள். இன்று திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் ஏறினாலே நம் குழந்தைகள் வாந்தி எடுக்கின்றார்கள். எம் பாட்டனார் அந்த மலையைத் தலைச்சுமையோடு நடந்தே ஏறியவர். ஏன் நடந்தீர்கள் என்று அவரை எவரும் கேட்டதில்லை. பிழைக்க நடந்தவரை யார் கேட்பார்?

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் வைகறையில் அவன் என்னை எழுப்பினான். "மாமா, புத்தி சொல்லத்தானே வந்தீர்கள்? வாருங்கள், வழியில் சொல்லலாம்" என்றான். சுவர்ணாவதி அணையிலிருந்து வரும் கால்வாயின் கரையில் ஒரு மண்பாதை. அவன் ஓட, நான் அவன் மகளுடைய சைக்கிளில் பின்தொடர்ந்தேன். அறுபதைத் தாண்டிய மனிதன் இளஞ்சிவப்பு வண்ணச் சைக்கிளில் செல்வதைக் கண்டு வயலில் நின்ற பெண்கள் சிரித்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

முதலில் எனக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. இதுவா ஓட்டம்! நடைக்குச் சற்றே அண்ணன், அவ்வளவுதான். மேடு வந்தால் நடந்தான். எனக்கு மூச்சிரைத்தது, அவனோ பேசிக்கொண்டே வந்தான். "மேட்டில் ஓடினால் பள்ளத்தில் அழ வேண்டும், மாமா" என்றான். உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரையில்தான் தாங்குமாம். அதன்பின் கொழுப்பை எரித்தே நகர வேண்டும். கொழுப்போ மெல்லத்தான் எரியும். ஆகவே வயிற்றுக்குச் சிறிது சிறிதாகத் தீனி கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அவன் இடுப்புப் பையில் கேழ்வரகுக் களியை உருட்டி வைத்திருந்தான். வெறும் நீரை மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் அதனினும் கொடியதும் நேருமாம். ஏற்றத்தைவிட இறக்கமே தொடையைக் கிழிக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. கீழே இறங்கும்பொழுது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறதாம்.

கிழக்கே பிளிகிரிரங்கன் மலைத் தொடருக்குப் பின்னால் கதிரவன் எழுந்தான். "அந்த மலைக்குள் ஓடியிருக்கிறாயா?" என்று கேட்டேன். "இல்லை, ஓடவும் கூடாது. அது 2011 முதல் புலிகள் காப்பகம். உள்ளே சோலிகர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கே அந்தக் காட்டின்மேலுள்ள உரிமை அவ்வாண்டில்தான் பட்டயமாகக் கிடைத்தது. என் ஆசைக்காகப் புலியை எழுப்ப நான் யார்?" என்றான். ஆசை இருக்கின்றது என்பதும், அதை அடக்கிக்கொண்டு பத்தாண்டுக்கு மேலாகக் கால்வாய்க்கரையில் ஓடுகின்றான் என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிந்தன. எனக்கு அவன்மேல் முதல் மதிப்பு அங்கேதான் பிறந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை, அறிந்ததைச் சொன்னேன். 1672இல் சிக்கதேவராஜ உடையார் இம்மைசூர் நாட்டில் 'அஞ்செ' என்னும் தபால் முறையை ஏற்படுத்தினார். கடிதப் பையைத் தோளிலிட்டு, சலங்கை ஒலிக்க ஓடிய ஆட்கள் அதன் கால்கள். 1889இல் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. குமரி மாவட்டத்து நேயர்களின் முன்னோர் திருவிதாங்கூர் அஞ்சல் ஓட்டக்காரரைக் கண்டிருப்பர். "அவர்கள் ஓட்டத்திற்குப் பயன் இருந்தது, கூலியும் இருந்தது. உன் பையில் யாருக்குக் கடிதம் இருக்கிறது?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று எனக்கே பெருமை. அவன் சிரித்தானேயன்றி விடை சொல்லவில்லை.

சிறிது தூரம் சென்றபின் அவன் எனக்கு ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்று உண்டாம். கார்டி ஐன்ஸ்லே என்பவர் 1973இல் குதிரை நொண்டியதால் பாதியிலேயே நின்றார். அடுத்த ஆண்டு குதிரையே இல்லாமல் வந்து, குதிரைகளோடு தாமும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்துவிட்டார். இன்று உலகெங்கும் நடக்கும் 100 மைல் மலையோட்டங்களுக்கு அதுவே தொடக்கம் என்பர். "குதிரை இல்லாவிட்டால் நான் இருக்கிறேன் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான் மாமா" என்றான்.

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு நாட்டின் செய்தி நெருக்கமானது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவர் இறங்கிய துறை டர்பன். காந்தியடிகளை 1893இல் ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். இவ்விரண்டு ஊர்களுக்குமிடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1921 முதல் அங்கே 'காம்ரேட்ஸ்' என்னும் ஓட்டம் நடைபெறுகின்றது. மலைத்தடமன்று, சாலைதான், ஆயினும் குன்றுகள் மிகுந்த சாலை. தோழமையின் பெயர் கொண்ட அவ்வோட்டத்தில் 1975 வரை வெள்ளையரல்லாதார்க்கும் பெண்டிர்க்கும் முறையான இடமில்லை என்பதை எழுதுகையில் கை கூசுகின்றது. அதிலே 12 மணி நேரம் முடிந்ததும், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியை வெடிப்பார். அதற்குப் பிறகு ஓரடி பின்னால் வந்தவரும் வராதவரே.

"உனக்கு 11 நிமிடம்" என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் நின்றான். கால்வாய் மதகின்மேல் உட்கார்ந்து, களி உருண்டையில் பாதியை எனக்குக் கொடுத்தான். "இரவில் நெற்றி விளக்கின் வெளிச்சம் நாலு முழம். அதற்கு வெளியே உலகமில்லை. அடுத்த கல், அடுத்த வேர், அடுத்த அடி, இவ்வளவே. அலுவலகமில்லை, கடனில்லை. அப்பா இறந்த வயதும் இல்லை. மற்ற நேரமெல்லாம் அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன், மாமா. ஓடும்பொழுது மட்டும் எண்ணுவதில்லை" என்றான்.

நான் கொண்டுவந்த புத்திமதியில் பாதி அப்பொழுதே கால்வாயில் போயிற்று. மறுபாதியைக் கேட்டே விட்டேன்: மருத்துவரிடம் காட்டினாயா? ஆறு ஆண்டுகளாக ஆண்டுதோறும் இதயச் சோதனை செய்துகொள்கின்றானாம். ஓடுபொறியில் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டாம். தாயிடம் சொல்லவில்லை. சோதனைக்குப் போகிறேன் என்றாலே நோய் வந்துவிட்டது என்று அஞ்சுவார் என்பது அவன் கணக்கு. நெடுந்தொலை ஓட்டம் இதயத்திற்கு முற்றும் குற்றமற்றது என்று நான் சொல்லமாட்டேன். நீண்ட ஓட்டம் முடிந்தவுடன், இதயத் தசை வருந்தியதைக் காட்டும் பொருள் இரத்தத்தில் உயர்ந்து, பெரும்பாலோர்க்குச் சில நாட்களில் தணிகின்றது என்று மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். குடும்பத்தில் இதய நோய் உள்ளவர் சோதித்துக்கொள்ளாமல் ஓடுவது அறிவன்று. இவன் சோதித்துக்கொண்டான். மறைத்ததுதான் பிழை, அதைக் கண்டிப்பாகவே சொன்னேன்.

வீடு திரும்பியதும் தமக்கையாரிடம் மருத்துவத் தாள்களைக் கொடுக்கச் செய்தேன். மூக்குக் கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு தாளையும் புரட்டினார். படிக்கத் தெரிந்தது தேதிகள் மட்டுமே. ஆறு ஆண்டுகளின் தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். நான் மெல்ல, "அக்கா, இவனுக்குச் சிறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தபின், தாளபெட்டாவிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செருப்பில்லாமல் நடந்தீர்களே, நினைவிருக்கிறதா?" என்றேன். (அந்தக் கொள்ளேகாலப் பகுதி 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் சிவராத்திரிக்குத் தமிழரும் கன்னடரும் கலந்தே அங்குச் செல்கின்றனர்.)

"அது வேண்டுதல். இதுவும் அதுவும் ஒன்றா?" என்று சீறினார். நான் வாதிடவில்லை. ஒன்றா அன்றா என்று எனக்கும் விளங்கவில்லை.

காப்பி வந்தது. நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தமக்கையார் தாள்களை மடித்து வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பி, "அந்தப் பதினொரு நிமிஷம் எங்கேடா போச்சு?" என்று கேட்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பத்து நாளுக்கு மேலாக வாய் திறவாதிருந்தவன், மேசையில் சிந்தியிருந்த காப்பியை விரலால் இழுத்து ஒரு கோடு வரைந்தான். "இது ஓடை, அம்மா. இங்கே தண்ணீர் முழங்கால் வரை. இறங்கும்போது காலணிக்குள் மணல் புகுந்துவிட்டது. நின்று கொட்டியிருக்க வேண்டும், கொட்டவில்லை..." என்று தொடங்கினான். தமக்கையார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.