புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனுக்கு ஆலோசனை சொல்வது யார்?

ஒரு காலத்தில் எமது தோட்டங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து போனவர் சின்னத்துரை ஒருவர்தான். இன்று நிலைமை வேறு. தெஹியோவிட்டவிலிருந்து தெரணியகலை செல்லும் பாதையிலும், கரவனெல்லை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களிலும் லயன் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பது புதுமையன்று. அதை வாங்கும் குடும்பங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களும் உண்டு.

இதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் மலை சரிந்து வீடுகளை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தபோது கேகாலை மாவட்டமும் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மீண்டும் அடிபட்டது. அபாயமான இடத்திலிருந்து எழுப்பப்பட்ட குடும்பத்துக்கு வீடு ஓரிடத்தில், மரக்கறித் தோட்டமோ பால் வெட்டும் மலையோ வேறிடத்தில் என்றாகிவிடுகிறது. இறப்பர் பால் வெட்டுபவர் விடியும்போதே மரத்தடியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் வராது. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் நாள் கூலியில் பாதி போய்விடும். ஆகவே குடும்பம் கூடிப் பேசி, தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கிறது. அதை ஓட்டும் பொறுப்பு வீட்டின் மூத்த மகனிடம் வருகிறது.

இந்த முடிவை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடுத்து நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி வாங்குவதற்கு நூறு பேரிடம் ஆலோசனை கேட்கிறோம். எந்த நிறம், எந்தக் கம்பனி, லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஓட்டுவதற்கு மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. மச்சான் ஒருவர் அரை நாளில் கிளச்சையும் கியரையும் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்று எண்ணுகிறோம். மறுநாளே தாயார் பின்னால் ஏறுகிறார், தங்கை நடுவில் அமர்கிறாள், உர மூட்டையும் ஏறுகிறது.

ஆய்வு சொல்லும் உண்மை

இது எமது பகுதிக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குள்ளானவர்களில் 92 வீதமானோர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகவில்லை. அவர்களில் பலர் அதற்கு முன்னர் வேறு வண்டிகளை ஓட்டியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய அனுபவம் புதிய வண்டிக்கு அப்படியே உதவுவதில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆபத்து நேரத்தில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினர். முன் பிரேக்கை வேண்டிய அளவு பிடிக்கவில்லை. எமது ஊரில் புதியவனுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி என்ன? "தம்பி, முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்பதுதான். நல்ல மனத்துடன் சொல்லப்படும் இந்தப் புத்திமதி உயிருக்கு ஆபத்தானது. வண்டி வேகம் குறையும்போது பாரம் முழுவதும் முன் சில்லின் மேல் சாய்கிறது. அப்போது நிலத்தை உறுதியாகப் பற்றுவது முன் சில்லுதான். பின் பிரேக்கை மட்டும் நம்புபவனுக்கு நிறுத்தும் தூரம் வெகுவாக நீண்டுவிடும்.

சரியான முறை இதுதான். வண்டி நேராகப் போகும்போதே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், படிப்படியாக இறுக்க வேண்டும். வளைவுக்குள் புகுந்த பிறகு அல்ல, புகுவதற்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். சேறு, மணல், ஈர இலை ஆகியவற்றின் மேல் மட்டும் முன் பிரேக்கை மிக இலேசாகத் தொட வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எமது பாதைக்கு ஏற்ற ஆலோசனை

1977, 1983 வன்செயல்களின் பின்னர் எமது உறவினர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினர். அங்கே சமதரையில் நேரான வீதிகளில் பழகியவர் சொல்லும் ஆலோசனை எமது மலைப் பாதைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே வளைவு, இறக்கம், மழை ஆகிய மூன்றும் சேர்ந்து வருகின்றன.

இறக்கத்தில் பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு உருண்டு போகும் பழக்கம் பலரிடம் உண்டு. மிச்சமாகும் பெற்றோலோ கொஞ்சம். அதற்காக வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கிலேயே சுமத்துகிறோம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடி தளரும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள் மிகவும் வழுக்கலானவை. பாதையில் கிடந்த ஒயிலும் தூசும் நீரோடு கலந்து மேலே மிதக்கும். அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்பதே நல்லது. இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் தை, மாசி மாதங்களில் பனியில் நனைந்த இலைகள் பாதையில் படிந்து கிடக்கும். வளைவில் எதிரே பஸ்ஸோ லொறியோ நடுக்கோட்டைத் தாண்டி வரும் என்று எண்ணியே இடது பக்கத்தில் ஓட்ட வேண்டும். பகலிலும் முன் லைட்டை எரியவிட்டால் எதிரே வருபவர் எம்மைச் சற்று முன்னதாகவே காண்பார். பால் வாளியை ஹாண்டிலில் தொங்கவிடுவதும், கொழுந்துச் சாக்கை ஒரு பக்கமாகக் கட்டுவதும் வண்டியைத் திரும்பவிடாது. பின்னால் அமரும் பெண்களின் சேலையும் சால்வையும் சில்லில் சிக்காதபடி சேலைக் காப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஏற வேண்டும்.

தலைக்கவசம் பொலிஸாருக்காக அணிவதன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், அது மரண ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காயத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகக் கண்டனர். ஆனால் தாடைப் பட்டியைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் நிற்காது. கையில் மாட்டிக்கொண்டு போவதால் பயனே இல்லை. பெற்றோல் தாங்கியின் மேல் அமர்த்தப்படும் சிறு பிள்ளைக்கும் தலை உண்டு என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

கடனும் கடதாசிகளும்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு விபத்து என்பது காயத்தோடு முடிவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் வழமைக்குத் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. ஆகவே பலரும் லீசிங் முறையில்தான் வாங்குகின்றனர். கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டியின் உரிமை கம்பனியிடமே இருக்கும். மகன் கால் முறிந்து படுத்திருந்தாலும் தவணைத் திகதி தவறாது வரும். ஓட்டியவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் காப்புறுதிக் கம்பனி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. அப்போது உழைப்பும் இல்லை, வண்டியும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும். வீட்டையும் நிலத்தையும் ஒரு தடவை இழந்த குடும்பம் இன்னொரு தடவை விழுந்தால் எழுவது எளிதல்ல.

எனவே முதலில் அனுமதிப்பத்திரம், பிறகு வண்டி என்ற ஒழுங்கை நாம் பழக வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற்று, எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதில் சித்தியடைந்து பயிலுநர் அனுமதி பெற்று, பழகிய பின்னர் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். மண்சரிவிலும் வெள்ளத்திலும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் போய்விட்டன என்பதற்காகப் பலர் இந்த முயற்சியையே கைவிடுகின்றனர். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடமும், பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்கலாம். லீசிங் ஒப்பந்தத்தை உங்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நிரப்பப்படாத படிவத்தில் கையொப்பமிடாதீர்கள்.

குடும்பம் செய்ய வேண்டியது

"ஓட்டப் பழகவும் காசு கொடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் பெற்றவர்களும் விழுகிறார்களே என்பது அவர்களது வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பரீட்சைக்காக மைதானத்தில் எட்டுப் போடப் பழகியவனுக்கு மழையில் மலை இறங்கத் தெரிந்துவிடாது. ஆனால் அதிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு, பயிற்சி வேண்டாம் என்பதல்ல. பரீட்சையோடு பயிற்சியை நிறுத்தக்கூடாது என்பதே.

இங்குதான் பெற்றோரின் பொறுப்பு வருகிறது. புதிதாக ஓட்டுபவனின் பாதுகாப்பு அவன் கையில் மட்டும் இல்லை. அவனிடம் வீட்டார் எதைக் கேட்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. "சீக்கிரம் போய் வா" என்று இரவு மழையில் கடைக்கு அனுப்புபவர் நாம். சந்தைக்கு மூன்று பேராக ஏறுபவரும் நாம். கல்யாண வீட்டில் அவன் கையில் கிளாசைக் கொடுத்துவிட்டு, பின்னர் ஓட்டிக்கொண்டு போகச் சொல்பவரும் நாமே. முதல் ஆறு மாதங்களுக்கு அவன் பின்னால் யாரும் ஏறுவதில்லை, பாரம் ஏற்றுவதில்லை, இருட்டில் அனுப்புவதில்லை என்று குடும்பம் தீர்மானித்தால், அதைவிடச் சிறந்த ஆலோசனை வேறில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சிரமம் ஆறு மாதத்துக்குத்தான்.

ஊர்ச் சங்கங்களும் இதில் இறங்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தோட்ட மைதானத்தைக் கேட்டுப் பெறலாம். அனுமதிப்பத்திரமும் நிதானமும் உள்ள ஓட்டுநர் ஒருவரை அழைத்து, பிரேக் பிடிப்பதையும், கியர் போட்டு இறங்குவதையும், அவசரமாக நிறுத்துவதையும் திரும்பத் திரும்பப் பழக்கலாம். ஸ்கூட்டர் ஓட்ட விரும்பும் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சங்கப் பணத்தில் இரண்டு நல்ல தலைக்கவசங்கள் வாங்கி வைத்தால் பழகுபவர் அனைவரும் பயன்படுத்தலாம். விபத்து நேர்ந்தால் அடிபட்டவரை முச்சக்கர வண்டியில் மடக்கித் திணிக்காமல் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும் என்பதையும் அங்கே சொல்லிக் கொடுக்கலாம்.

புதிதாக ஓட்டுபவன் ஆலோசனை கேட்பது வெட்கத்துக்குரியதன்று. வண்டியின் நிலையை வாங்குபவரிடமும் விற்பவரிடமும் பங்கில்லாத மெக்கானிக்கிடம் கேட்கட்டும். ஓட்டும் முறையைப் பயிற்றுநரிடம் கேட்கட்டும். தவணைக் கணக்கைச் சங்கப் பொருளாளரிடம் காட்டட்டும். வீட்டாரிடம் அவன் கேட்க வேண்டியது பொறுமையை மட்டும்தான். அதைக் கொடுக்க எமக்குப் பணம் தேவையில்லை.