ஆமைப் பந்தயமும் அரிக்கொம்பனும்

ஆமையும் முயலும் கதையில் ஆமை ஜெயித்ததற்குக் காரணம் முயல் தூங்கியது. முயலே இல்லாமல் ஆமைகளுக்குள் மட்டும் பந்தயம் வைத்தால் எப்படி இருக்கும்? 2007 ஏப்ரலில் அப்படி ஒரு பந்தயம் நிஜமாகவே நடந்தது. போட்டியாளர்கள் பதினொரு ஏழுவரி ஆமைகள். (லெதர்பேக் என்று டிஸ்கவரி சேனலில் கேட்டிருப்பீர்களே, அதேதான். ஓட்டுக்குப் பதிலாகத் தோல் போர்த்திய முதுகு, அதில் நீளவாக்கில் ஏழு வரிகள். இருக்கிற ஆமைகளிலேயே பெரியது.) புறப்படும் இடம் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா நாட்டிலுள்ள பிளாயா கிராண்டே கடற்கரை. முடிவுக் கோடு கலாபகோஸ் தீவுகள். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பசிபிக் கடல்.

பந்தயம் நடக்கிற விஷயம் ஆமைகளுக்குத் தெரியாது. கரையில் முட்டையிட்டு முடித்துவிட்டு வழக்கம்போல இரை தேடித் தெற்கே போயின, அவ்வளவுதான். முதுகில் பொருத்தியிருந்த கருவி, ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பியது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பும் பசிபிக் கடல் விலங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்தப் புள்ளிகளை இணையத்தில் வரைபடமாகப் போட்டார்கள். ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு பெயர், ஒரு படம். அமெரிக்க டிவி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேரின் பெயரைத் திருகி ஓர் ஆமைக்கு "ஸ்டீபனி கோல்பர்டில்" என்று வைத்தார்கள். மனிதர் விடுவாரா? தன் ஆமைக்காகத் தன் நிகழ்ச்சியிலேயே கொடி பிடித்தார். கடைசியில் ஜெயித்தது என்னவோ பில்லி என்கிற வேறோர் ஆமை!

இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று கேட்பவர்கள் பிளாயா கிராண்டேயின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1988-89 பருவத்தில் அங்கே முட்டையிட வந்த பெண் ஆமைகள் 1367. பத்தே வருடத்தில், 1998-99இல், 117. முட்டைத் திருட்டு, மீன்பிடி வலை, ஆயிரக்கணக்கான கொக்கிகளோடு கடலில் நீளமாகக் கிடக்கும் தூண்டில் கயிறு என்று காரணங்கள் வரிசை கட்டும். இந்தக் கணக்கு ஆராய்ச்சிப் பத்திரிகையில் 2000லேயே வந்துவிட்டது. வந்து என்ன? அதைப் படித்து ராத்திரி தூக்கம் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? "என் ஆமை இன்றைக்கு எங்கே இருக்கிறது?" என்று காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்க வைத்தது அந்தப் பந்தயம்தான்.

விலங்குகளைப் பற்றிய படங்களை எல்லோரும் பார்க்கிறோம். பார்க்கும்போது "ஐயோ பாவம்" என்கிறோம், விளம்பர இடைவேளையில் மறந்துவிடுகிறோம். விளையாட்டில் அப்படி நழுவ முடியாது. ஆடுபவர் ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும். இடப்பக்கம் வலைக்கப்பல்கள், வலப்பக்கம் இரை இல்லாத தண்ணீர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் விலை உண்டு. இதே கஷ்டத்தை ஒரு நிஜ ஆமை 2007இல் பட்டது, அது போன தடம் இதுதான் என்று ஆட்டம் முடிந்தபின் காட்டினால் போதும். தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்தத் தடங்கள் வேடிக்கைக்கு மட்டும் பயன்பட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2004 முதல் 2007 வரை அதே கடற்கரையில் கருவி பொருத்தப்பட்ட 46 ஆமைகளின் பயணத்தை வைத்து 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அகன்ற பசிபிக்கில் ஆமைகள் மனம்போன போக்கில் அலையவில்லை, கலாபகோஸைத் தாண்டும்வரை ஏறக்குறைய ஒரே பாதையில்தான் வருடாவருடம் போகின்றன என்று அது காட்டியது. பாதை தெரிந்தால், எந்த மாதம் எந்த இடத்தில் தூண்டில் போடக் கூடாது என்று நாடுகள் உட்கார்ந்து பேச முடியும். கடல் முழுவதையும் பூட்ட வேண்டியதில்லை.

பந்தயத்துக்குப் பிறகு இந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. கென்யாவில் கௌதம் ஷா தொடங்கிய இன்டர்நெட் ஆஃப் எலிஃபன்ட்ஸ் நிறுவனம் 2020 ஏப்ரலில் வைல்டிவர்ஸ் என்ற செல்போன் விளையாட்டை வெளியிட்டது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதம் அது. போன் கேமராவைத் திறந்தால் வீட்டு ஹாலில் மரங்கள் முளைக்கும். அந்தக் காட்டில் ஒரு குரங்கைத் தேட வேண்டும். கற்பனைக் குரங்கு இல்லை, போர்னியோவிலும் காங்கோவிலும் ஆய்வாளர்கள் பெயர் வைத்துப் பின்தொடரும் நிஜ வாலில்லாக் குரங்குகள். அடுத்த வருடமே அன்சீன் எம்பயர் வந்தது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் படைச்சிறுத்தையைத் தேடி (உடம்பில் மேகம்போலத் திட்டுகள் கொண்ட பூனை இனம்) ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பத்து வருடம் வைத்த தானியங்கிக் கேமராக்களின் அசல் படங்கள்தான் அந்த ஆட்டம். படத்தைப் பார்த்து என்ன விலங்கு என்று சொல்ல வேண்டும். படம் படமாகத் தள்ளினாலும் படைச்சிறுத்தை கண்ணில் படாது. சுவாரசியமே இல்லையே என்று தோன்றும் அந்த நேரம்தான் இதில் அருமையான இடம். காட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்!

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்த விளையாட்டுகள் ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கின்றன. நிஜத்தில் ஓர் ஆமையின் புள்ளிகள் வரைபடத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒருநாள் நின்றுவிடும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், கருவி கழன்று விழுந்திருக்கலாம், வலையில் சிக்கி ஆமையே செத்திருக்கலாம். பல சமயம் விஞ்ஞானிக்கே கடைசிவரை தெரியாது. அந்த மௌனத்தை எந்த விளையாட்டுத் தயாரிப்பாளர் அப்படியே வைப்பார்? "கேம் ஓவர்" என்று போட்டால்கூட அது ஒரு பதில். பதிலே இல்லாமல் திரை சும்மா இருக்கிற ஓர் ஆட்டம் வந்தால், விலங்குகளைப் பின்தொடர்கிறவர்களின் வேலை என்னவென்று அன்றைக்குப் புரியும்.

இனி வில்லங்கமான பகுதி.

தடங்களை வைத்து விளையாடலாம் என்றால், யாருடைய தடம், எப்போதைய தடம் என்ற கேள்வி வருகிறது. 2013இல் பன்னா காட்டுப் புலி ஒன்று ஜிபிஎஸ் பட்டையோடு மத்தியப் பிரதேசத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இருப்பிடம் ஆய்வாளர் ஒருவரின் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மின்னஞ்சலை வேறோர் ஊரிலிருந்து யாரோ திறக்கப் பார்த்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு தடுத்துவிட்டது. திறக்கப் பார்த்தது வேட்டைக்காரனோ, வேலை இல்லாத பையனோ. புலியைக் காப்பாற்றப் போட்ட பட்டையே புலியின் முகவரியை எழுதி மாட்டிய அட்டையாகவும் ஆகிவிடும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

அதைவிடப் பக்கத்தில் நடந்தது அரிக்கொம்பன் கதை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். அதிலிருந்து தினமும் செய்திதான். இன்றைக்கு மேகமலைப் பக்கம், நாளைக்கு எங்கே? ரசிகர் கூட்டம் சேர்ந்தது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல யானை எங்கே என்று கேட்டார்கள். மே 27 அன்று யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. தெருவில் ஓடிய யானையைப் பார்க்கக் கூட்டம், கூட்டத்தைப் பார்த்து யானை மிரள, அதன் தாக்குதலில் காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5இல் மறுபடியும் ஊசி, மறுபடியும் லாரி, இந்த முறை களக்காடு முண்டந்துறை.

ஆமைப் பந்தயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பெயர் உண்டு, ரசிகர்கள் உண்டு, வரைபடத்தில் புள்ளி உண்டு. ஆனால் பில்லி நடுக்கடலில் இருந்தது. கொடி பிடித்தவர்கள் யாரும் பைக்கை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போக முடியாது. அரிக்கொம்பனைப் பார்க்கப் போக முடிந்தது. ஆடுகிறவர் கை விலங்கைத் தொடும் தூரத்தில் இருக்கிறபோது அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை, துரத்தல்.

அதனால் விளையாட்டுக்குப் பழைய தடம் போதும். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆறப்போட்ட தடம். கூடு, குகை, தண்ணீர் குடிக்கும் இடம் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டப்பட்டால் ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது. உடனுக்குடன் வரும் தகவல் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு வால்பாறையைப் பார்க்கலாம். அங்கே யானைகள் எந்த எஸ்டேட்டில் நிற்கின்றன என்பதை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் கண்காணித்து, சுற்றியிருப்பவர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரி, யானை நடமாட்டம் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு என்று எல்லாம் உண்டு. வேலை முடிந்து இருட்டில் லைன் வீட்டுக்கு நடக்கும் தேயிலைத் தொழிலாளிக்கு அந்தத் தகவல் இப்போதே வேண்டும். சென்னையில் உட்கார்ந்து போனைத் தடவுகிறவருக்கு 2023ஆம் வருடத்து யானை போதாதா?

போதும்தான். அரிக்கொம்பனின் அந்த முப்பத்தேழு நாளையே ஓர் ஆட்டமாக்கலாம். கம்பம், தேனிப் பள்ளிப் பிள்ளைகளிடமே முதலில் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் ஊர் வழியாக நடந்த கதை அது. ஆடுபவர்தான் யானை. பழகிய காடு ஒரு பக்கம், போகும் வழி தெரியாது. கீழே பள்ளத்தாக்கில் விளக்குகள், திராட்சைத் தோட்டம், காற்றில் அரிசி வாசனை. எந்த வழியாகப் போய்ப் பார்த்தாலும் சாலை, வேலி, வீடு. அந்த இடத்தில் தெருவுக்குள் இறங்காமல் ஒரு பிள்ளை எத்தனை இரவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜூன் 5 வந்ததும் பொத்தான்கள் எதுவும் வேலை செய்யாது. லாரி ஒன்று வரும், யானையை ஏற்றும், அறிமுகமே இல்லாத வேறொரு மலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும்.