எறியவும் கற்பிப்போம்

எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட வேண்டியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பந்தெறியவும் கற்பிக்க வேண்டும் என்றால் பலர் சிரிப்பர். வளர வளர அது தானாக வரும் என்பது பொதுவான எண்ணம். கை வளரும், எறியும் முறை தானாக வளராது. பழக்கப்படாத பிள்ளை பெரியவரான பின்பும் நேரே நின்று, முழங்கையால் தள்ளியே எறியும்.

ஆண்பிள்ளைகள் ஓரளவு தாமாகவே பழகுகின்றனர். காய்த்த மரம் கல்லெறி படும் என்பார்கள். மாமரமும் விளாமரமும் அவர்களுக்கு ஆசிரியர்கள். பின்னேரத்துக் கிரிக்கெட்டும் உண்டு. பெண்பிள்ளையோ அந்நேரம் தண்ணீர் அள்ளவும் தம்பியைப் பார்க்கவும் அழைக்கப்படுகிறாள். ஆறாந்தரத்தில் வலைப்பந்துக் குழு தெரியும்போது, எறியத் தெரிந்த சிலர் உள்ளே. மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே. திறமையில்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழக்கமின்மையே.

வன்னியில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபோது, அறியாத பொருளைத் தொடாதே, எடுக்காதே, அதன்மீது கல்லெறியாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அது உயிர்காக்கும் பாடம். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்குள்ள கால எல்லை 2028. ஆகவே எச்சரிக்கை தொடரட்டும். ஆனால் ‘எறியாதே’ என்பதோடு பாடம் முடியலாகாது. எதை, எங்கே, எப்படி எறியலாம் என்பதும் அதன் மறுபாதி. அதற்கு ஏற்ற இடம் துப்புரவான பாடசாலை முற்றமே.

செலவு அதிகமில்லை. பழைய துணியைச் சுருட்டி நூலால் இறுகக் கட்டினால் பந்து. அது சிறு கைக்குள் அடங்க வேண்டும். பெரிய பந்து கொடுத்தால் பிள்ளை இரு கையாலும் தள்ளும். ஒவ்வொருவருக்கும் ஒரு பந்து வேண்டும். ஒருவர் எறிய முப்பது பேர் பார்த்திருப்பது பாடமல்ல.

வலக்கைப் பிள்ளை இடத்தோளை இலக்குப் பக்கம் திருப்பி நிற்கட்டும். பந்துள்ள கை பின்னே போக, முழங்கை தோள் மட்டத்துக்கு உயர வேண்டும். இடக்காலை முன்வைக்க, இடுப்பு முதலில் திரும்பும். பின் தோள், முழங்கை, கை. பந்து போனபின் கை இடப்பக்க இடுப்பை நோக்கி இறங்கும். வலக்காலையே முன்வைக்கும் பிள்ளைக்கு மணலில் ஒரு பாதம் கீறிக் காட்டுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு யாவும் மறுபுறம். தொடக்கத்தில் குறி வேண்டாம். பலமாக, தூரமாக எறியச் சொல்லுங்கள். குறி பார்க்கத் தொடங்கினால் பிள்ளை மெல்லத் தள்ளும். எல்லோரும் ஒரே திசையில் எறிந்து, விசில் ஊதியபின் ஒன்றாகப் பொறுக்கட்டும்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, முதலில் வெட்டப்படுவது விளையாட்டு நேரந்தான். வாரத்தில் இருமுறை பத்து நிமிடம் கேட்கிறோம். பரீட்சை சிலரைத் தெரிந்தெடுக்கும். முற்றம் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். அதிபர்களும் பெற்றோரும் இதைச் சிந்திப்பார்களாக.