கணக்கின் வரம்பு யார் கையில்?

கிளிநொச்சி வளரவேண்டும். இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. 1936-ஆம் ஆண்டில் குடியேற்றம் தொடங்கிய நாள்முதல் இரணைமடு நீரை நம்பி எழுந்த ஊர் அது. 1984-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. போரில் இடிந்து, 2009-க்குப் பின் மீண்டும் எழுந்தது. இன்று கண்டி வீதியின் இருமருங்கும் கடைகளும் வங்கிகளும் பெருகுகின்றன. அவற்றிற்கு அப்பால் வாய்க்காலும் வயலும் கிடக்கின்றன. எந்த நிலம் எதற்கு என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்கு விடைகாணக் கணித முறையொன்று உண்டு. உகப்பாக்கம் என்பர். 1939-இல் ருசிய அறிஞர் கன்ரோறோவிச், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் வழியைத் தேடியபோது இதற்கு வித்திட்டார். 1947-இல் அமெரிக்க அறிஞர் டான்சிக் இதனைக் கணிக்கும் முறையை வகுத்தார். அடையவேண்டிய பயன் இது, மீறலாகாத வரம்புகள் இவை என்று முன்னரே எழுதிக் கொடுத்தால், நிலத்தைப் பங்கிடும் எண்ணற்ற வழிகளுள் மிகுந்த பயன் தருவதைக் கணினி தேடித் தரும்.

ஆனால், பயன் எதுவெனத் தீர்மானிப்பது கணினியன்று, மனிதனே. வாடகையும் காணி விலையுமே பயன் என்று எழுதினால், வீதியோர வயல்கள் யாவும் கடைகளுக்கே என்று கணக்குத் தீர்ப்பளிக்கும். கணக்கிற் பிழையிராது, கமக்காரனின் பிழைப்புத்தான் போய்விடும். வயலை மண்ணிட்டு நிரப்பினால் மாரி வெள்ளம் எங்கே போகும்? 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களை வீடுகளிலிருந்து விரட்டிய பெருவெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டோமா?

ஆகவே, கணக்குத் தொடங்குமுன் வரம்புகள் எழுதப்படவேண்டும். குளத்து நீர் பாயும் வயல் நிரப்பப்படலாகாது. குளத்தின் ஒதுக்கு நிலமும் வடிகாலும் தொடப்படலாகாது. காணியற்ற குடும்பத்துக்கு மேட்டுக்காணி கிடைக்கவேண்டும். இன்னுமொன்று: அரச காணிகளையும் படையினர் வசமுள்ள காணிகளையும் கணக்கிலிருந்து விலக்கிவைத்தால், நகரத்தின் பசி முழுவதும் வயலின் மீதே பாயும். அவையும் கணக்கில் வரட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அறிவியல்நகரிலே உள்ளன. கணிக்க வல்லோர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனர். அவர்களையும் கமக்கார அமைப்புகளையும் ஒரே மேசையில் இருத்துவது அதிகாரிகளின் கடமை. பயனும் வரம்பும் தமிழிலே பகிரங்கமாக வெளியிடப்பட்டு, மக்கள் ஒப்பிய பின்னரே கணினியை முடுக்கவேண்டும். முடிவை அச்சிட்டுவிட்டுக் கருத்துக் கேட்பது கண்துடைப்பு.

அறிஞர்களே, கணக்கை நீங்கள் போடுங்கள். கமக்காரர்களே, வரம்பை நீங்கள் கட்டுங்கள். வயலுக்கு வரம்பு கட்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிய தொழிலன்று.