விலைச்சீட்டுக்கு நாக்கு கிடையாது



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல. யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. சித்தி, பதற வேண்டாம்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு வழக்கு ஓடுகிறது. பெங்களூரில் ஒரு கோப்பை கிராஃப்ட் பீருக்கு 400 ரூபாய் கொடுத்தவனை எல்லோரும் சேர்ந்து கிண்டல் செய்கிறீர்கள். 4,000 ரூபாய்க்கு ஒயின் வாங்கியவன் மட்டும் 'ரசனைக்காரன்' ஆகிவிட்டான். இதற்குப் பெயர் ரசனையா? பானத்திலுமா மேல்சாதி, கீழ்சாதி?

வேதியியல் வாத்தியாராகக் கேட்கிறேன். திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. பிழிந்துவிட்டால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். பார்லியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, சரியான சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால்தான் நொதிகள் அதைச் சர்க்கரையாக்கும். பிறகு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அப்புறம்தான் ஈஸ்ட். இதில் கைப்பக்குவம் எங்கே குறைந்தது?

ஒயினுக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை. நல்ல சரக்கு பீப்பாயில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. போட்ட முதல் முடங்குவதால் விலை கூடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவுக் கணக்கைச் சுவைக்குச் சான்றிதழாகக் காட்டாதீர்கள்.

விலை நாக்கையே ஏமாற்றும். கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது கூடுதலாகப் பிடித்தது. மூளை ஸ்கேனிலும் இன்பம் உணரும் பகுதி அதிகம் இயங்கியது. விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. 1976-இல் பாரிஸில் பெயரை மறைத்து ஊற்றியபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

"அப்படியானால் அந்த 400 ரூபாயும் மயக்கம்தானே சார்?" என்பீர்கள். இருக்கலாம். அதைச் சோதிக்கத்தான் இந்த வீட்டுப்பாடம். பீரோ ஒயினோ, லேபிளை மறைத்து வேறொருவர் ஊற்றட்டும். இதற்கு எவ்வளவு கொடுப்பேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பில்லைப் பாருங்கள். பில் கூடுதலாக இருந்தால், அந்த மிச்சப் பணம் பக்கத்து மேசைக்காரன் பார்ப்பதற்காக நீங்கள் கொடுத்தது.

சித்திக்கு இதே பாடம் காபித் தூளில்.

விடைத்தாள் வரும்வரை அந்தப் பையனைக் கிண்டல் செய்வதை நிறுத்துங்கள்.