மேலே பூத்ததை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாமா?



போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது தோட்டத்தில் நான்கு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். "சார், சைலேஜ் மூட்டையில மேலாப்புல வெள்ளையாப் பூத்திருக்குதுங்க. அத மட்டும் எடுத்து வீசிட்டு அடியில இருக்கறதப் போடலாங்களா?" என்று கேட்டான்.

"போடாதே சாமி" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதைப் போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. உங்களில் பலர் வீட்டில் மாடு இருக்கிறது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். வாத்தியார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இதில் பாதி நான் செய்த தப்பு.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மாடு வாங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கோடையில் சோளத்தட்டு விலை ஏறிவிட்டது. சரி, ஊறுகாய்ப்புல் வாங்கலாம் என்று போனேன். ஐம்பது கிலோ மூட்டையும் இருந்தது, நானூறு கிலோ உருளைக் கட்டும் இருந்தது. கட்டாக எடுத்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. நானூறு ரூபாய் மிச்சம் என்று கட்டையே எடுத்து வந்தேன்.

அறிவியல் வாத்தியார் கணக்கில் கோட்டை விட்டது அங்கேதான். ஒரு மாட்டுக்கு நாளைக்குப் பதினைந்து கிலோ. இரண்டு மாட்டுக்கு முப்பது. நானூறு கிலோ தீர பதின்மூன்று நாளுக்கு மேல் ஆகும். திறந்த கட்டு நம் சித்திரை வெயிலில் பதின்மூன்று நாள் தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை. ஐந்தாம் நாள் கை விட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. எட்டாம் நாள் ஓரத்தில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, பூத்ததை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன்.

ஒரு மாடு கழிந்தது. இன்னொன்று ஏழு மாதச் சினை. அது தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பசியில் கொஞ்சம் தின்றது. அந்த வாரக் கடைசியில் கன்றை வீசிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இதனாலதான்னு பரிசோதனை இல்லாம அடிச்சுச் சொல்ல முடியாதுங்க சார். கன்னு வீசறதுக்குப் பல காரணம் இருக்குது. ஆனா இதைப் போட்டிருக்கக் கூடாதுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை.

சரி, பூஞ்சை ஏன் வந்தது?

நம் தாத்தன் காலத்துத் தட்டுப்போருக்கும் வைக்கோல் போருக்கும் சட்டம் ஒன்றுதான்: நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் அடுக்கு. ஈரம் இல்லாவிட்டால் பூசணம் வராது. காற்றுப் பட்டால் நல்லது. ஊறுகாய்ப்புல்லுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து, எழுபது பங்கு ஈரம்தான். அதைக் காப்பது காற்று இல்லாமை ஒன்றே. காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா பயிரிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும். அமிலகாரத்தன்மை 4-க்குப் பக்கத்தில் இறங்கியதும் மற்ற நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். இந்தப் புளிப்பை அமிலம் சேர்த்தே உண்டாக்கித் தீவனத்தைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்த பின்லாந்து நாட்டு விர்டானென் என்பவருக்கு 1945-ல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசா என்று சிரிக்க வேண்டாம். ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நாட்டில் பால் வேண்டுமானால் தீவனம் கெடாமல் இருக்க வேண்டும்.

காற்று புகுந்தால் நடப்பது வேறு. முதலில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, காவலாக இருந்த அந்தப் புளிப்பையே தின்னும். அப்போது சூடு கிளம்பும். புளிப்புக் குறைந்த பிறகுதான் பூஞ்சை வரும். ஆகவே கண்ணுக்குப் பூஞ்சை தெரிவதற்கு முன்பே கைக்குச் சூடு தெரியும். நான் ஐந்தாம் நாள் பார்த்த வெதுவெதுப்பு அந்த எச்சரிக்கைதான். வகுப்பில் நொதித்தலைப் பற்றி முப்பது வருடம் கத்தியவனுக்குத் தன் வீட்டுத் தொழுவத்தில் அது உறைக்கவில்லை.

நம் அம்மாக்கள் ஊறுகாய் ஜாடியை எப்படி வைத்திருந்தார்கள்? அழுத்தி நிரப்பி, மேலே எண்ணெய் நிற்கவிட்டு, வாயைத் துணியால் வேடு கட்டி வைத்தார்கள். எடுக்கும்போது தேவையான அளவு எடுத்து உடனே மூடினார்கள். அதே ஒழுங்குதான் இதற்கும்.

சொந்தமாகக் குழி போடுகிறவர்கள் நான்கு விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, அறுக்கும் பருவம். மக்காச்சோளம் என்றால் மணியில் பால் வற்றி மாவாகத் திரளும்போது அறுக்க வேண்டும். முற்றவிட்டால் தட்டு காய்ந்துவிடும். காய்ந்ததை எவ்வளவு மிதித்தாலும் அமுங்காது, இடுக்கில் காற்று நிற்கும். கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. அதை அரை நாளாவது வாடவிட்டு, நறுக்கி, வெல்லப்பாகு கரைத்துத் தெளித்துப் போட வேண்டும். நறுக்கியதை ஒரு பிடி பிடித்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். உருண்டை மெதுவாகப் பிரிந்தால் பதம்.

இரண்டாவது, நறுக்கும் அளவு. ஒரு செ.மீ. முதல் இரண்டு செ.மீ. வரை போதும். நீளமாக இருந்தால் இறுகாது.

மூன்றாவது, அழுத்துவது. ஆள் கிடைக்கவில்லை என்று நான்கு நாளாக நிரப்பாதீர்கள். ஒரே நாளில், முடியாவிட்டால் இரண்டே நாளில் நிரப்பி மூடுங்கள். அரை அடிக்கு ஒருமுறை மிதிக்க வேண்டும். நடுவில் எல்லோரும் மிதிப்பார்கள். ஓரத்தையும் மூலையையும் விட்டுவிடுவார்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.

நான்காவது, மூடுவது. கனமான பாலித்தீன் தாளை இடைவெளி இல்லாமல் மூடி, மேலே மணல் மூட்டையோ பழைய டயரோ நெருக்கமாக வைக்க வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. எலியும் காக்கையும் நாயும் போடும் ஓட்டையை வாரம் ஒருமுறையாவது பார்த்து ஒட்டிவிடுங்கள். ஒரு சின்ன ஓட்டை போதும், அதைச் சுற்றி ஒரு கூடை தீவனம் கெட்டுப்போகும். நாற்பத்தைந்து நாள் பொறுத்துத் திறங்கள்.

இவ்வளவு செய்தவர்கள்கூடத் தோற்பது திறந்த பிறகுதான். குழியின் முகப்பை முழுவதும் திறந்துபோட்டு, அங்கொரு கை இங்கொரு கை பறித்தால் காற்று உள்ளே ஓடும். முகப்பு முழுவதிலும் நாளைக்கு அரை அடியாவது சீராக வெட்டி எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் அதற்கும் மேலே எடுப்பது நல்லது. அந்த அளவுக்கு உங்களிடம் மாடு இல்லை என்றால் உங்கள் குழி பெரிது என்று அர்த்தம்.

என் கருத்து இதுதான். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவன் பெரிய பண்ணைக்காரனைப் பார்த்துப் பெரிய கட்டு வாங்கக் கூடாது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் சின்ன மூட்டைதான் அவனுக்கு லாபம். இரண்டு நாளில் தீர்ந்துவிடும், பூஞ்சைக்கு நேரம் இருக்காது. பெரிய கட்டுதான் வேண்டும் என்றால் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கி, திறந்த அன்றே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு நாளில் எல்லோருக்கும் தீர்ந்துவிடும்.

இப்போது மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மேலே தெரிவது பூஞ்சையின் பூ மாதிரி. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் அடியிலும் ஓடியிருக்கும். வெள்ளை என்றால் ஆபத்தில்லை, பச்சை என்றால்தான் ஆபத்து என்று சிலர் சொல்கிறார்கள். நிறத்தை வைத்து நஞ்சு உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "கறவைக்கு வேண்டாம், கிடேரிக்கும் ஆட்டுக்கும் போடு" என்பது அதைவிட மோசம். ஆட்டுக்கு மட்டும் ஈரல் இல்லையா? நஞ்சை உறிஞ்சும் பொடி விற்கிறார்கள். அது கெட்டதைப் போடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. குழியில் ஓரமாகக் கொஞ்சம் பிடித்திருந்தால், அதைச் சுற்றி நன்றாக உள்ளே தள்ளி வெட்டி எடுத்து எருக்குழியில் புதையுங்கள். சின்ன மூட்டையில் பரவிவிட்டால் மூட்டையோடு போகட்டும். உதறும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நம் நுரையீரலுக்கும் ஆகாது.

இதை மாட்டோடு முடிகிற விஷயமாக நான் பார்க்கவில்லை. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. அப்போதுதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது. மாடு அதைத் தின்றால் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறி இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. மாநிலங்களில் நம் எண்ணிக்கைதான் அதிகம். எல்லாம் ஊறுகாய்ப்புல்லால் வந்தது என்று சொல்லவில்லை. புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோள மணியிலும் வரும். ஆனால் எல்லாமே தீவனத்தொட்டி வழியாகத்தான் பாலுக்கு வருகிறது.

எங்கள் ஊர்ப் பால் கொள்முதல் நிலையத்தில் கொழுப்புப் பார்க்கிறார்கள், இதர சத்துப் பார்க்கிறார்கள். இந்த நஞ்சை அங்கே பார்ப்பதில்லை. நாம் போட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை. தொட்டியில் கொட்டுகிற கைதான் கடைசிக் காவல்.

நான் அந்தத் தீவனத்தைப் போட்ட நாட்களில் மற்ற மாட்டின் பால் எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே இரண்டு வயதுக் குழந்தை. தாய் என்னிடம் படித்த பெண்தான். கன்று போன அடுத்த நாள் போய் நடந்ததைச் சொன்னேன். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்க சார், விடுங்க" என்றாள். அவள் விட்டுவிட்டாள். எனக்குத்தான் இன்னும் விடவில்லை. நான் மிச்சம் பிடித்தது நானூறு ரூபாய்.

உங்கள் ஊரில் குழி போடுகிறவர்கள், மூட்டை வாங்குகிறவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். இன்று சாயங்காலம் தொழுவத்துக்குப் போனதும் திறந்திருக்கும் மூட்டைக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். நல்லதுபோல் இருந்தால் சீக்கிரம் தீருங்கள், பூத்திருந்தால் எருக்குழிக்கு அனுப்புங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.