தூண்டிலுக்கு சார்ஜ் போட்டாச்சா?

விடியற்காலை நாலரை மணி. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் ஒரு படகு மெல்ல நகர்கிறது. ஏரி என்றுதான் பெயர். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. படகில் இருப்பவர் தூண்டில் நுனியில் கட்டிய ஒரு தகட்டைக் கையில் எடுக்கிறார். கைப்பிடி உடைந்த கரண்டி மாதிரி இருக்கும் அதற்கு ஸ்பூன் என்றே பெயர். மீனை ஏமாற்றும் பொய் இரை அது. சின்ன ஊதா டார்ச்சை அதன்மேல் சில விநாடிகள் அடிக்கிறார். டார்ச்சை அணைத்ததும் தகடு பச்சையாக மின்னுகிறது. உடனே தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்.

செல்போனுக்கு சார்ஜ் போடுவோம். தூண்டிலுக்குமா?

அங்கே அவர் தேடுவது சினூக் சால்மன். அந்த ஏரிக்கு அது வந்தேறி. சொந்த ஊர் பசிபிக் கடல். ஏல்வைஃப் என்ற சின்ன மீன் ஏரியில் எக்கச்சக்கமாகப் பெருகி, செத்துக் கரை ஒதுங்கி நாறியது. அதைத் தின்று குறைக்கட்டும் என்று மிச்சிகன் மாநில அரசு 1966-ல் கோஹோ சால்மனையும், 1967-ல் சினூக்கையும் கொண்டுவந்து விட்டது. சினூக்குக்கு மங்கல் வெளிச்சம்தான் வேட்டை நேரம். பொழுது நன்றாக விடிந்தால் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குத்தான் இத்தனை பாடும்.

பச்சை நிறத்துக்கும் காரணம் உண்டு. தண்ணீருக்குள் சிவப்பு வெளிச்சம் சீக்கிரமே மறைந்துவிடும். நீலமும் பச்சையும்தான் வெகுதூரம் போகும். இருட்டில் மீனின் கண்ணும் அந்த நிறங்களைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

சரி, வெளிச்சம் எப்படி ஏறுகிறது? ஓட்டைப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூன் மேல் பூசிய பொடிமீது வெளிச்சம் படும்போது, அதிலுள்ள எலெக்ட்ரான்கள் துள்ளிக் குதித்து, சின்னச் சின்னக் குழிகளில் மாட்டிக்கொள்கின்றன. பானை நிறைகிறது. பிறகு சுற்றியுள்ள சூடு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. பழைய இடத்துக்குத் திரும்பும்போது, வாங்கிய சக்தியைப் பச்சை ஒளியாகக் கொடுத்துவிடுகின்றன. நிறைந்த பானையிலிருந்து தண்ணீர் வேகமாக ஒழுகும். குறையக் குறைய ஒழுக்கும் குறையும். இந்த ஒளியும் அப்படித்தான். முதல் சில நிமிடங்கள் பளீரென்று இருக்கும், பிறகு மங்கிக்கொண்டே போகும். அதனால்தான் தூண்டிலை மேலே இழுக்கும்போதெல்லாம் மறுபடி டார்ச் அடிக்கிறார்கள்.

எந்த வெளிச்சமும் போதுமா? போதாது. எலெக்ட்ரானைக் குதிக்கவைக்க சக்தி வேண்டும். அது ஊதா, நீல நிறங்களிலும் புற ஊதாக் கதிரிலும் அதிகம். சிவப்பு விளக்கை மணிக்கணக்கில் காட்டினாலும் ஒன்றும் ஏறாது. வெயில் அருமையாக ஏற்றும். செல்போன் டார்ச்சின் வெள்ளை ஒளியில் நீலம் கலந்திருப்பதால் அதுவும் வேலை செய்யும். ஊதா டார்ச் வருவதற்கு முன்னால் கேமரா ஃப்ளாஷை வைத்துத்தான் பலர் ஒப்பேற்றினார்கள். ஆனால் பானை நிறைந்தபிறகு ஊற்றுவதெல்லாம் வழிந்துதான் போகும். இன்னும் ஐந்து நிமிடம் காட்டினால் இரண்டு மடங்கு ஒளிரும் என்பது வெறும் ஆசை.

ஒளிரும் தூண்டில் இன்று நேற்று வந்ததில்லை. ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் ஃப்ளூகர் என்பவர் 1883-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அன்றைய பூச்சு சீக்கிரம் மங்கிவிடும். ‘சார்ஜே போடாமல் ராத்திரி முழுக்க ஒளிர்ந்தால் எப்படி இருக்கும்?’ என்ற ஆசை யாருக்கும் வரும். அந்த ஆசை நிறைவேறவும் செய்தது. அதற்குக் கொடுத்த விலைதான் கொடுமை.

1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்த ரேடியத்தைக் கலந்த பெயின்ட் தானாகவே ஒளிர்ந்தது. 1917 முதல் நியூஜெர்சி மாநிலம் ஆரஞ்ச் நகரில் இளம்பெண்கள் கடிகார எண்களுக்கு அந்தப் பெயின்ட்டைத் தீட்டினார்கள். தூரிகை நுனி கூராக இருக்க உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் துளித்துளியாக ரேடியம் உள்ளே போனது. பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தே போனார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928-ல் இழப்பீடு வாங்கினார்கள். அதற்குள் அவர்கள் உடம்பு வெகுவாகச் சிதைந்திருந்தது.

இன்றைய தூண்டிலில் இருப்பது வேறு பொருள். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-ல் உருவாக்கிய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடி, பழைய துத்தநாக சல்ஃபைடைவிடப் பல மடங்கு பிரகாசமாக, பல மணி நேரம் ஒளிர்கிறது. கதிரியக்கம் துளியும் இல்லை. வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அடிக்கடி சார்ஜ் போடவேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் மீன்பிடிக்காரர் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அந்த அலுப்புதான் அவருடைய பாதுகாப்பு.

நம் ஊரில் இன்னும் ஒளிரும் எதையும் ‘ரேடியம்’ என்றுதான் சொல்கிறோம். வண்டிக்கு ரேடியம் ஸ்டிக்கர், குழந்தைகள் அறையில் ரேடியம் நட்சத்திரம். பயப்பட வேண்டாம், பெயர் மட்டும்தான் மிச்சம். கூரையில் ஒட்டும் நட்சத்திரங்களில் இருப்பதும் தூண்டிலில் இருப்பது போன்ற பொடிதான். படுக்கப் போகுமுன் டியூப்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் போதும். ஊதா டார்ச் வாங்கினால், குழந்தைகள் அதைக் கண்ணுக்கு நேராக அடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பீரோவில் தாத்தாவின் நாற்பது, ஐம்பதுகளின் கைக்கடிகாரம் இருந்து, எண்களில் பழுப்பேறிய பெயின்ட் தெரிந்தால், அதன் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். அது நிஜ ரேடியமாகவே இருக்கலாம். இப்போது இருட்டில் மின்னவில்லையே என்று நம்பிவிட வேண்டாம். கூடச் சேர்த்த பொடிதான் தேய்ந்து ஓய்ந்திருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும்.